கேலிப் பத்திரிகை எந்தக் கட்சி?

செங்கோட்டையில் நான் தினமும் டீ குடிக்கும் கடையின் பெஞ்சில் இரண்டு மொழிப் பத்திரிகைகள் கிடக்கும். புனலூர், தென்மலைப் பக்கமிருந்து லாரி ஓட்டி வருகிறவர்களுக்கு மலையாளம், உள்ளூர்க்காரர்களான எங்களுக்குத் தமிழ். போன மாதம் ஒரு பெரியவர் வாரப் பத்திரிகை ஒன்றின் கார்ட்டூன் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, "தம்பி, இந்தப் புஸ்தகக்காரன் எந்தக் கட்சி?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சே பதில் சொல்லிவிட்டது. "எங்க ஆளத்தான் வாராவாரம் கிழிக்கான். எதிர்க்கட்சிதான், வேற என்ன?" என்றார் ஒருவர். "அவன் எல்லாரையும்தானே கிழிக்கான். நடுநிலை" என்றார் இன்னொருவர். "சிரிக்கதுக்குப் போடுதான். இதுல என்னய்யா கட்சி?" என்று மூன்றாமவர் முடித்துவைத்தார்.

கேலிப் பத்திரிகைகளைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இந்த மூன்று பதில்களில் ஒன்றில்தான் போய் நிற்கிறது. மூன்றுமே தவறு என்பது என் எண்ணம். ஒரு பத்திரிகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கண்டுபிடிக்க முடியும். அதற்கு அது யாரைத் திட்டுகிறது என்று பார்த்தால் மட்டும் போதாது.

## கொத்தனாரின் நூல்

வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, "செவரு கோணிப்போச்சு" என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். சுவரைப் பார்த்ததும் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நூல் தொங்கிய பிறகுதான் எத்தனை விரற்கடை விலகியிருக்கிறது என்று தெரியும். கோணல் என்று ஒருவர் சொன்னால், நேர் எது என்று காட்டும் நூல் ஒன்று அவர் கையில் இருக்கிறது என்று பொருள்.

கேலியும் இப்படித்தான். ஒரு மந்திரியையோ சாமியாரையோ முதலாளியையோ பார்த்து, "பாருங்கள், எவ்வளவு கோணல்!" என்று சிரிக்கவைக்கிறது. அதைச் சொல்லும்போதே அதன் கையில் ஒரு நூல் தொங்குகிறது. பெரும்பாலும் அந்த நூலைக் காட்டாது, கோணலை மட்டுமே காட்டும்.

இந்தக் கட்டுரையில் 'சாய்வு' என்று நான் சொல்லப்போவது அந்த நூல் தொங்கும் இடத்தைத்தான். பத்திரிகை எதை நேரானது, இயல்பானது, நியாயமானது என்று வைத்துக்கொண்டு மற்றதை அளக்கிறதோ அதுவே அதன் சாய்வு. 'அங்கதம்' என்றால், ஒரு குறையைச் சிரிப்பின் வழியாகக் கண்டிக்கும் எழுத்தோ படமோ. வெறும் நகைச்சுவைக்கும் அங்கதத்துக்கும் வித்தியாசம் அந்தக் கண்டனத்தில் இருக்கிறது. மலையாளத்தில் இதற்கு 'ஆக்ஷேபஹாஸ்யம்' என்று பெயர். ஆட்சேபமும் ஹாஸ்யமும் சேர்ந்த சொல். ஆட்சேபம் என்ற பிறகு, "எதை வைத்து ஆட்சேபிக்கிறாய்?" என்ற கேள்வி தானாக வந்துவிடும். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

## சொல்லாமல் விட்ட பாதி

நம் இலக்கணம் இதைப் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகத் திட்டுவது செம்பொருள் அங்கதம். திட்டை மறைத்து வைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம்.

மறைத்துச் சொல்வது எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதியமானுக்காகத் தூது போகிறார் ஔவையார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். ஔவை பாடுகிறார்: உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள அரண்மனையில் அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லனுடைய சிறிய பட்டறையில் கிடக்கின்றன.

வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் தொண்டைமானுக்குப் பாராட்டுதான். அதைத் திட்டாக மாற்றுவது ஔவை வாய்விட்டுச் சொல்லாத ஒரு வரி: 'வேலுக்கு அழகு போரில் தேய்வது.' கேட்பவர் அந்த வரியை மனதுக்குள் தானே போட்டுக்கொண்டால் சிரிப்பார். வேலுக்கு அழகு பளபளப்புதான் என்று நினைக்கிறவர், நன்றாகப் புகழ்ந்தார் என்று மகிழ்ந்து போவார்.

அங்கதத்தின் உள்வேலை முழுக்க இவ்வளவுதான். பாதியை எழுதுபவர் தருகிறார். மீதிப் பாதியை, அதாவது நூலை, படிப்பவர் தன் மனதிலிருந்து எடுத்து வைக்கிறார். சாய்வு அந்தச் சொல்லாத பாதியில் ஒளிந்திருப்பதால்தான் அதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கிறது. அதே காரணத்தால்தான் அது நம்மை எளிதில் பிடித்தும் விடுகிறது. நாமே எடுத்து வைத்த பாதியோடு நாம் சண்டை போடுவதில்லை.

இதுவரை பார்த்தது: கேலிக்குப் பின்னால் ஓர் அளவு இருக்கிறது. அது பெரும்பாலும் சொல்லப்படாமல் இருக்கிறது. அதுதான் சாய்வு.

## அடிபடுகிறவரை வைத்து முடிவு கட்டலாமா?

பெஞ்சின் முதல் பதிலுக்கு வருவோம். "எங்க ஆளக் கிழிக்கான், அதனால எதிர்க்கட்சி."

1970 பொங்கலன்று சோ தொடங்கிய துக்ளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் இந்திரா காந்தி நெருக்கடி நிலை கொண்டுவந்தபோது துக்ளக் அதை எதிர்த்தது. தி.மு.க.வும் எதிர்த்தது. அதன் ஏடான முரசொலியும் தணிக்கைக்கு உள்ளானது. அந்த நாட்களில் இரண்டையும் படித்த ஒருவர், இரண்டும் அடிக்கும் ஆள் ஒருவரே என்பதால் இரண்டும் ஒரே பக்கம் என்று முடிவு கட்டியிருந்தால்? சோவுக்குத் திராவிட இயக்கத்தின் கொள்கைகளோடு உடன்பாடே கிடையாது. மரபையும் சமயத்தையும் உயர்வாக வைத்தவர் அவர். முரசொலியோ மாநில உரிமை, சமூகநீதி என்ற நூலைத் தொங்கவிட்டு அளந்தது. சுவர் ஒன்று, நூல் இரண்டு.

உலகம் முழுவதும் இந்தக் குழப்பம் அதிகமாக நடந்தது பிரான்சின் சார்லி ஹெப்டோ விஷயத்தில். 2015 ஜனவரி 7 அன்று பாரிசில் அதன் அலுவலகத்தைத் தாக்கி 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். நபிகள் நாயகத்தைப் படமாக வரைந்த பத்திரிகை என்பது மட்டுமே நம் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்த செய்தி. அதனால் அது வலதுசாரிப் பத்திரிகை என்றே பலர் இன்றும் நினைக்கிறார்கள்.

இடது, வலது என்ற சொற்களும் அந்த நாட்டிலிருந்துதான் வந்தன. 1789இல் பிரெஞ்சு மன்றத்தில் அரசரின் அதிகாரத்தைக் குறைக்க விரும்பியவர்கள் இடப்புறமும், அதைக் காக்க விரும்பியவர்கள் வலப்புறமும் உட்கார்ந்தார்கள். பொதுவாக இன்று, சமத்துவத்துக்காகப் பழைய அமைப்பை மாற்றச் சொல்வது இடது, மரபையும் இருக்கும் ஒழுங்கையும் காக்கச் சொல்வது வலது.

சார்லி ஹெப்டோ வளர்ந்தது இடதுசாரிகளுக்கு நடுவில். 1970 நவம்பரில் பிரான்சின் முன்னாள் அதிபர் தெகோல் இறந்தபோது அதற்கு முன்னோடியான வார இதழ் ஒன்று அவர் சாவையே அட்டையில் கேலி செய்தது. அரசு அதைத் தடை செய்ய, அதே ஆட்கள் சில நாட்களில் சார்லி ஹெப்டோ என்ற பெயரில் மீண்டும் வந்தார்கள். 1990களில் குடியேறிகளை எதிர்த்த தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணியைத் தடை செய்யச் சொல்லி அந்தப் பத்திரிகை வாசகர்களிடம் 1,70,000க்கும் மேல் கையெழுத்து வாங்கியது. மதம் எதுவானாலும் அரசிலும் பொதுவாழ்விலும் அதற்கு இடமில்லை என்பதுதான் அதன் நூல்.

தாக்குதலுக்குப் பிறகு இரண்டு சமூகவியலாளர்கள் உட்கார்ந்து 2005 முதல் 2015 வரை வந்த 523 அட்டைகளை எண்ணினார்கள். அரசியலைப் பற்றியவை 336. மதத்தை மையமாக வைத்தவை 38. அந்த 38இல் 21 கிறிஸ்தவத்தைப் பற்றியவை, 7 இஸ்லாமைப் பற்றியவை, மீதி பல மதங்களையும் சேர்த்து.

எண்ணிக்கையோடு பேச்சு முடிந்துவிடாது. அந்த நாட்டில் திருச்சபை பழைய பெரிய அதிகாரம். முஸ்லிம்களில் பலர் குடியேறி வந்த, வேலையிலும் வீட்டு வாடகையிலும் ஒதுக்கப்படுகிற மக்கள். இருவரையும் ஒரே கம்பால் அடித்தாலும் வலி ஒன்றல்ல என்று விமர்சகர்கள் சொன்னார்கள். வலியவர் எளியவரைப் பார்த்துச் சிரிப்பதைக் 'கீழ்நோக்கிய கேலி' என்று வைத்துக்கொள்வோம். சார்லி ஹெப்டோவின் நோக்கம் அது இல்லை என்று நம்புகிறவன் நான். சில படங்களின் விளைவு அதுவாகவே இருந்தது என்றும் நம்புகிறேன். நோக்கத்தையும் விளைவையும் தனித்தனியாகக் கேட்டால்தான் இந்தச் சிக்கல் பிரியும். படம் வரைந்ததற்காக ஓர் உயிரும் போயிருக்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

## எல்லாரையும் அடித்தால் நடுநிலையா?

இரண்டாவது பதில், "எல்லாரையும் கிழிக்கான், நடுநிலை."

1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று கேட்டால், ஜேப்படித் திருடன் போல இருப்பவர் இவர், முகமூடிக் கொள்ளைக்காரன் போல இருப்பவர் அவர் என்ற மாதிரியான பதில். எந்தக் கட்சியின் பெயரும் அதில் இல்லை. அதற்காகச் சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்துச் சிறைக்கு அனுப்பியது. எதிர்ப்பு வலுத்ததும் ஓரிரு நாளில் வெளியே விட்டார்கள். பின்னாளில் உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. சிரிப்பைச் சிறையில் அடைத்தது வெட்கப்பட வேண்டிய காரியம்.

ஆனால் அந்த ஜோக்கில் சாய்வு இல்லை என்று சொல்ல முடியாது. கட்சிச் சாய்வு இல்லை, அவ்வளவுதான். 'அரசியலுக்கு வருகிறவன் திருடன், வெளியே நிற்கும் நாம் யோக்கியர்' என்ற நூல் அதில் தொங்குகிறது. நேராக நிற்பவர் என்று அது வைத்துக்கொண்டது பத்திரிகை வாங்கிப் படிக்கும் நடுத்தர வர்க்க வாசகரை. அரசியல் என்றாலே சாக்கடை என்பதும் ஓர் அரசியல் நிலைப்பாடுதான். பஞ்சாயத்தில் வார்டு உறுப்பினராகி ஒரு குடிநீர்க் குழாய்க்காக நடையாய் நடக்கும் பெண்ணுக்கு அந்த ஜோக் சிரிப்பை வரவழைக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

## மேடையில் புரட்சி, அடுப்படியில் பழமை

அரசியல் சாய்வு என்பது ஆட்சி, கட்சி, சட்டம் பற்றியது. சமூகச் சாய்வு என்பது சாதி, ஆண்-பெண், முதலாளி-வேலைக்காரர், நகரம்-கிராமம் பற்றியது. இரண்டும் ஒரே பத்திரிகையில் எதிரெதிர்த் திசையில் போகலாம். இதைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம்.

எங்கள் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி ஆட்சிகளில் இருந்தது. அந்த மலைநாட்டின் பழைய கேலிக்கலை சாக்கியார் கூத்து. விதூஷகன், அதாவது கோமாளி, வேடம் கட்டிய சாக்கியார் கதை சொல்லிக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருக்கும் யாரை வேண்டுமானாலும் இழுத்துக் கிண்டல் செய்யலாம். அரசரே வந்திருந்தாலும் கோபித்துக்கொள்ளக்கூடாது என்பது வழக்கம். சொல்லும்போதே பெருமையாக இருக்கிறது. ஆனால் கூத்து நடந்தது கோவில் கூத்தம்பலத்துக்குள். திருவிதாங்கூரில் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோவில் கதவு திறந்தது 1936 நவம்பர் 12இல்தான். அதுவரை அரசரையே கேலி செய்த அந்தச் சுதந்திரத்தை மதிலுக்கு வெளியே நின்றவர்கள் கேட்கக்கூட முடியவில்லை. அரசரிடம் காட்டிய துணிச்சல் ஒரு சாய்வு. யார் கேட்கலாம் என்ற வரம்பு இன்னொரு சாய்வு. ஒரே இரவில், ஒரே மேடையில் இரண்டும் இருந்தன. கதவு திறப்பதற்கு வெகுகாலம் முன்பே, 18ஆம் நூற்றாண்டில், கவிஞர் குஞ்சன் நம்பியார் எளிய மக்கள் பேசும் மலையாளத்தில் துள்ளல் என்ற ஆட்டப்பாட்டைப் பாடியபோது சிரிப்பவர் கூட்டமே மாறியது.

லண்டனில் 1841இல் தொடங்கிய பஞ்ச் பத்திரிகையும் அப்படி. 1843இல், பாராளுமன்றக் கட்டடத்துக்கான ஓவியக் கண்காட்சியைக் கந்தல் உடுத்த ஏழைகள் வெறித்துப் பார்ப்பதாக அது ஒரு படம் போட்டது. கார்ட்டூன் என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் வந்ததே அதிலிருந்துதான். அவ்வளவு இரக்கத்தோடு தொடங்கிய பத்திரிகை சில பத்தாண்டுகளில் ஐரிஷ் போராளிகளைக் குரங்கு முகத்தோடு வரைந்தது. நூல் இடம் மாறிவிட்டது, அட்டையில் பெயர் மாறவில்லை.

பெஞ்சின் மூன்றாவது பதில், "சிரிக்கதுக்குப் போடுதான், இதுல என்ன கட்சி?" அதற்கு நம் வாரப் பத்திரிகைகளின் துணுக்குகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும். மனைவியின் சமையல், மாமியார், சம்பளம் உயர்த்திக் கேட்கும் வேலைக்காரி. சின்ன வயதில் என் அத்தை அவற்றை உரக்கப் படித்துச் சிரிப்பாள். வீட்டில் மூன்று வேளையும் அடுப்பில் நின்றவள் அவள்தான். தன்னைப் பற்றிய கேலிக்கே அவள் சிரித்ததை நான் வெகுகாலம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். ஊழல் மந்திரியைத் துணிச்சலாக வரைந்த அதே இதழ், பக்கத்தைப் புரட்டினால், சமைக்கவேண்டியவள் மனைவி என்பதை நேரான சுவராக வைத்திருந்தது.

சுருக்கமாக: அடிபடும் ஆளை வைத்து மட்டும் சாய்வைச் சொல்ல முடியாது. எல்லாரையும் அடிப்பதும் ஒரு சாய்வு. அரசியல் சாய்வும் சமூகச் சாய்வும் ஒன்றல்ல.

## படிப்பவரும் ஒரு நூல் கொண்டுவருகிறார்

2009இல் அமெரிக்காவின் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேரைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பழமைவாதியைப் போல நடித்தே பழமைவாதிகளைக் கேலி செய்தவர் அவர். பார்த்தவர்களில் இடதுசாரிகளும் பழமைவாதிகளும் அவரை ஒரே அளவுக்கு ரசித்தார்கள். ஆனால் பழமைவாதிகளில் பலர், அவர் கேலி செய்வதாகத்தான் நடிக்கிறார், உள்ளுக்குள் சொல்வதை உண்மையாகவே நம்புகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். ஔவை பாட்டைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் ஆளைப் போல.

காலமும் நூலை மாற்றும். காயங்குளத்துக்காரரான கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1948இல் தில்லியில் சங்கர்ஸ் வீக்லி தொடங்கினார். என்னையும் விட்டுவைக்காதீர்கள் என்று நேருவே அவரிடம் சொன்னது பிரசித்தம். 1949இல் அவர் வரைந்த ஒரு படம்: அரசியல் சட்டம் ஒரு நத்தை. அதன்மேல் அம்பேத்கர், கையில் சாட்டையோடு. பின்னால் நேரு, அவர் கையிலும் சாட்டை. சட்டம் எழுதி முடிக்கத் தாமதமாகிறது என்பதுதான் அன்றைய கேலி. அந்தப் படம் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருப்பதை 2012 மே மாதம் தொல். திருமாவளவன் நாடாளுமன்றத்தில் எழுப்பினார். சாட்டை ஓங்கிய நேருவின் முன்னால் ஒரு தலித் தலைவர் இருக்கும் காட்சி எதிர்த்தவர்களுக்குத் தெரிந்தது. சாட்டையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அது வெறும் தாமதத்தின் படமாக இருக்கமுடியாது. அடுத்த மாதமே இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த படத்துக்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு வந்தது. படங்களை நீக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கோபப்பட்டவர்களுக்குக் கார்ட்டூன் புரியவில்லை என்று சொன்னவர்கள், தங்கள் கையிலிருப்பது ஒரே நூல் என்பதை மறந்துவிட்டார்கள்.

எங்களுக்கு இது தினசரி அனுபவம். புளியரை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் 'இடது' என்பது ஆட்சியில் உட்கார்ந்து பழகிய பக்கம். 1980களிலிருந்து இடதுமுன்னணியும் காங்கிரஸ் முன்னணியும் மாறிமாறி ஆண்ட மாநிலம், 2021இல் இடதுமுன்னணி தொடர்ந்து இரண்டாம் முறை வென்ற மாநிலம். அங்கே ஒரு மலையாளப் பத்திரிகை கம்யூனிஸ்ட் மந்திரியை வரைந்து கிண்டல் செய்தால், அது அதிகாரத்தை நோக்கி வீசிய கல். அதே படத்தைத் தமிழாக்கி இந்தப் பக்கம் போட்டால், இங்கே ஒருபோதும் ஆட்சி பிடிக்காத ஒரு சின்னக் கட்சியை அடித்ததாகிவிடும். படம் மாறவில்லை. அரை மணி நேரப் பஸ் பயணத்தில் கேலி மேலிருந்து கீழே திரும்பிவிட்டது.

## டீக்கடையில் நான் சொன்னது

பெரியவருக்கு நான் ஒரே ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுத்தேன். எந்த ஜோக்கைப் பார்த்தாலும், 'நாட்டில் எது மாறியிருந்தால் இந்த ஜோக்கே பிறந்திருக்காது?' என்று கேளுங்கள். வரும் பதில்தான் நூல்.

எங்கள் ரயில் பாதை போய்ச் சேரும் கொல்லத்தில் 1919இல் விதூஷகன் என்ற பத்திரிகை 'மகாக்ஷாமதேவதை' என்ற படத்தை வெளியிட்டது. மலையாளத்தின் முதல் கார்ட்டூன் என்று அதைச் சொல்கிறார்கள். பஞ்சத்தையே ஒரு தேவதையாக உருவாக்கிய படம். அதனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், 'சனங்களுக்கு அரிசி கிடைத்திருந்தால்' என்று பதில் வரும். அந்த நூல் பசித்தவர் பக்கம் தொங்குகிறது. துக்ளக்கிடம், விகடன் அட்டையிடம், வேலைக்காரித் துணுக்கிடம் கேட்டால் வேறு வேறு பதில் வரும். ஓர் இதழை வைத்து முடிவு கட்டவேண்டாம், அட்டைகளை எண்ணியவர்களைப் போல ஆறு மாதத்து இதழ்களையாவது சேர்த்துப் பாருங்கள் என்றும் சொன்னேன். யார் பணம் போடுகிறார் என்பதையும் கவனிக்கலாம். பிரான்சின் லெ கனார் அன்ஷெனே 1915இல் தொடங்கிய பத்திரிகை, விளம்பரம் வாங்குவதே இல்லை. விளம்பரத்தை நம்பியிருக்கும் பத்திரிகை எந்தக் கடைக்காரரைக் கேலி செய்யவில்லை என்பதும் தேடிப் பார்க்கவேண்டிய ஒன்று.

கடைக்காரர் பரண்மேல் கட்டிப் போட்டிருந்த பழைய இதழ்களைப் பெரியவர் கேட்டு வாங்கிப் போனார். பத்து நாள் கழித்துக் கட்டோடு திரும்பி வந்தார். பக்க ஓரங்களில் பென்சில் கோடுகள்.

"கட்சியெல்லாம் சரிசமமாத்தான் அடிக்கான், தம்பி" என்றார். "ஆனா வேலைக்காரியக் கேலி பண்ணினதுக்குக் கணக்கே இல்ல. சம்பளம் கொடுக்காத முதலாளியம்மாவ ஒரு எடத்துலயும் காணோம்."